டம்மி மாத்திரைக்கு 41 சதவீதம்

நான் தினமும் காலையில் விழுங்கிக்கொண்டிருந்த கேப்சூல் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ராபிபிரசோல் 20 மி.கி., இடோபிரைட் 150 மி.கி. எஸ்.ஆர். முதலாவது அமிலத்தைக் குறைக்க, இரண்டாவது இரைப்பையை வேலை வாங்க. வயிற்றுக்காக டாக்டரைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த ஜோடியோ, இதன் பங்காளியான பான்டோபிரசோல்-டோம்பெரிடோன் ஜோடியோ அறிமுகமாகியிருக்கும். மெடிக்கல் ஷாப்பில் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். "வெறும் வயித்துல போடுற கேஸ் மாத்திரை" என்றால் போதும், ஏதோ ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

இந்தப் பதிவு அந்த இரண்டாவது பெயரைப் பற்றியது. இடோபிரைட் ஒன்றும் புது மருந்து இல்லை, ஜப்பானில் 1995-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நான் சொல்லப்போவது அதைச் சோதித்துப் பார்த்த கதையை. ஒரு நல்ல ஆய்வு நடந்தது, மருந்து ஜெயித்தது. இரண்டு வருடம் கழித்து அதைவிடப் பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது, மருந்து தோற்றது. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, மருந்தைவிட என் வயிற்றைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

முதலில் நோய். எனக்கு வலி கிடையாது. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், அதுதான் தொல்லை. இரண்டாவது இட்லி பாதி தட்டில் இருக்கும்போதே தொண்டை வரை சாப்பிட்டது போல ஆகிவிடும். மத்தியானச் சாப்பாடு சாயங்காலம் வரை மேல் வயிற்றில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவே பயம். "என்ன தம்பி, கூட்டு பிடிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே பரிமாறுகிறவர் இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போவார். எண்டோஸ்கோபி செய்தார்கள். ரிப்போர்ட்டில் "லேசான ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்", அதாவது இரைப்பையின் கீழ்ப் பகுதியில் லேசான அழற்சி என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நான் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் டாக்டர் கையமர்த்தினார். "அதை விடுங்க சார். அந்த வரி இல்லாத ரிப்போர்ட்டை நான் பாக்குறதே அபூர்வம். புண் இல்ல, கட்டி இல்ல. உங்களுக்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா."

கருவிகளின் கண்ணில் படாத அஜீரணம் என்று இதைச் சொல்லலாம். இதற்கு எழுதி வைத்த இலக்கணம் உண்டு. ரோம் அளவுகோல் என்பார்கள். 2016-இல் வந்தது அதன் நான்காம் பதிப்பு. சாப்பிட்ட பின் அவதிப்படுத்தும் நிறைவு, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுவது, மேல் வயிற்று வலி, மேல் வயிற்று எரிச்சல். இவற்றில் ஒன்றாவது கடந்த 3 மாதமாக இருக்க வேண்டும், தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எண்டோஸ்கோபியில் காரணம் எதுவும் தென்படக் கூடாது. நிறைவு முதன்மையாக இருந்தால் ஒரு வகை, வலியும் எரிச்சலும் முதன்மையாக இருந்தால் இன்னொரு வகை, சிலருக்கு இரண்டும் கலந்து வரும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் பெரியவர்களிடம் கேட்டு 2018-இல் வெளியான கணக்கெடுப்பில், அமெரிக்காவில் 12 சதவீதம், மற்ற இரண்டிலும் 8 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அதாவது பத்துப் பேரில் ஒருவர். (எடை குறைவது, ரத்த வாந்தி, மலம் கறுப்பாகப் போவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, வயதான காலத்தில் புதிதாகத் தொடங்கும் அஜீரணம் இவையெல்லாம் வேறு கணக்கு. அப்படி ஏதாவது இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.)

சரி, இப்படி ஒரு நோய்க்கு ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தக் கொதிப்புக்கு மெஷின் இருக்கிறது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அல்சருக்கு மறுபடியும் குழாயை விட்டுப் புண் ஆறியதா என்று பார்த்துவிடலாம். எங்கள் நோயில் ஆரம்பத்திலேயே எல்லாம் நார்மல். மருந்து கொடுத்த பிறகும் நார்மல்தான் இருக்கும். மிச்சம் இருக்கும் ஒரே வழி, நோயாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பது.

இதைக் கேட்பதற்கே தனியாகக் கேள்வித்தாள்கள் செய்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் பெயரைத் தாங்கிய ஒன்று இருக்கிறது, லீட்ஸ் டிஸ்பெப்சியா கேள்வித்தாள். எத்தனை முறை வருகிறது, எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று ஒவ்வொரு தொல்லையையும் கேட்டு, பதில்களுக்குப் புள்ளி கொடுத்துக் கூட்டுவார்கள். கடைசியில் கிடைக்கும் எண் பார்ப்பதற்கு லேப் ரிப்போர்ட் எண்ணைப் போலவே இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்குள் இருப்பது ஒரு மனிதர் அன்றைக்குச் சொன்ன வார்த்தை.

இனி முதல் ஆய்வு. ஜெர்மனியில் நடந்தது. நடத்தியவர்கள் ஜெரால்ட் ஹோல்ட்மன், நிக்கோலஸ் டாலி முதலானவர்கள். இந்த நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் இந்த இரண்டு பெயர்களும் திரும்பத் திரும்ப வரும். 554 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். மூன்று பிரிவுக்கு இடோபிரைட் 50, 100, 200 மி.கி. என்று தினம் மூன்று வேளை. நான்காவது பிரிவுக்கு அச்சு அசல் அதே மாதிரி இருக்கும் டம்மி மாத்திரை, பிளாசிபோ. யாருக்கு எது என்று கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது, வாங்கிப் போடுபவருக்கும் தெரியாது. எட்டு வாரம். முடிவு 2006 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மருத்துவ உலகில் அதற்கு மேல் ஒரு மேடை கிடையாது என்று சொல்லும் பத்திரிகை.

தொல்லை முழுதும் போய்விட்டது அல்லது நன்றாகக் குறைந்துவிட்டது என்று சொன்னவர்கள் மருந்துப் பிரிவுகளில் 57, 59, 64 சதவீதம். டம்மிப் பிரிவில் 41 சதவீதம். மருந்தின் அளவு கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடுகிறது. மருந்து ஆய்வில் இப்படி ஒரு படிக்கட்டு கிடைத்தால் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும்.

கல்லூரி நாட்களிலிருந்து கூடவே இருக்கும் நண்பன் ஒருவன் அப்போது மெடிக்கல் ரெப். அவன் பையில் இருந்த விசுவல் எய்டில் அந்தப் படிக்கட்டு வண்ணப் படமாக இருந்ததாம். "மச்சான், அந்த கிராஃபை எத்தனை டாக்டர் மேசையில விரிச்சிருப்பேன் தெரியுமா? அதைக் காட்டுனா கேள்வியே வராதுடா" என்றான். நான் அவனிடம், படிக்கட்டின் அடியில் இருந்த 41-ஐ யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். "அது பிளாசிபோ தானே, அதை எவன் பாத்தான்" என்றான்.

எனக்கு அந்த 41-ஐ விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மாவு உருண்டையைச் சாப்பிட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் நன்றாகிவிட்டார்கள். அதே ஆய்வில் வலியும் நிறைவும் குறைந்ததா என்று இன்னொரு அளவில் பார்த்தபோது மருந்துக்கு 73 சதவீதம், டம்மிக்கு 63. நூற்றுக்கு 63! லீட்ஸ் கேள்வித்தாளில் 100 மி.கி. பிரிவுக்குப் புள்ளி 6.24 குறைந்தது, டம்மிப் பிரிவுக்கு 4.50 குறைந்தது. வித்தியாசம் 2 புள்ளிகூட இல்லை. மருந்தின் வெற்றி என்று நாம் சொல்வது, ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரம்பியிருந்த தொட்டியில் மேலே சேர்ந்த கொஞ்சம் தண்ணீர்.

இந்த 41 சதவீதம் பேரும் "மனசுல நினைச்சுக்கிட்டவங்க" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குள் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. இந்த நோய் ஏறி இறங்கும் நோய். என் வயிறே சில மாதம் சாதுவாக இருக்கும், சில மாதம் படுத்தி எடுக்கும். ஆய்வில் சேர ஆள் வருவது எப்போது? மோசமாக இருக்கும்போது. வயிறு சரியாக இருப்பவர் எதற்குப் படிவம் நிரப்பப் போகிறார்? உச்சியில் இருக்கும்போது சேர்ந்தால் அடுத்து இறக்கம்தான். கரண்ட் போய் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஈ.பி. ஆபீசுக்கு போன் போடுவோம். வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டால், நாம் போன் போட்டதால்தான் வந்தது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மாத்திரை பல நேரம் அந்த போன்தான்.

அப்புறம், ஆய்வில் சேர்ந்தவருக்குக் கிடைக்கும் கவனிப்பு. எண்டோஸ்கோபி செய்து புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும். அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறார்கள். ஒரே டோக்கனுக்குள் அப்பா, பிள்ளை இருவரையும் காட்டிவிட்டு வர நினைக்கும் நம் ஊர் ஓ.பி.யை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்ட பின் எவ்வளவு நேரம் நிறைவாக இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வதே பலருக்குப் புது அனுபவம். கேள்வி கேட்கிறார்கள் என்பதற்காகவே சாப்பாட்டைக் கவனிக்க ஆரம்பிப்பவர்களும் உண்டு. மெதுவாகச் சாப்பிடுவார்கள், ராத்திரி கொஞ்சம் முன்னதாகச் சாப்பிடுவார்கள். கடைசியாக, மரியாதை. இவ்வளவு மெனக்கெடும் டாக்டரிடம் "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல சார்" என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? "பரவாயில்ல சார், இப்ப கொஞ்சம் தேவல" என்று சொல்லாத ஆள் நம்மில் யார்? ஜெர்மன்காரர்களுக்கும் கொஞ்சமாவது அந்தக் கூச்சம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இதே கண்ணாடியை வீட்டு வைத்தியத்துக்கும் போட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் நியாயம். எனக்கு உப்புசம் என்றால் அம்மா கரண்டியில் பெருங்காயத்தைப் பொரித்து மோரில் கரைத்துக் கொடுப்பார். வாசனை மூக்கில் ஏறும்போதே பாதி சரியாகிவிடும். சரியானதும், "பாத்தியா, உன் கேப்சூல் செய்யாததை இது செஞ்சிருச்சு" என்பார். பெருங்காயத்துக்கு எதிரே, அதே வாசனையுள்ள ஆனால் பெருங்காயம் இல்லாத ஒரு மோரை வைத்து 500 பேருக்குக் கொடுத்துப் பார்க்காத வரை, அம்மாவின் வெற்றியும் என் கேப்சூலின் வெற்றியும் ஒரே ரகம்தான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மோர் நின்றுவிடும்.

இரண்டாம் ஆய்வுக்கு வருகிறேன். ஜெர்மன் முடிவு நன்றாக இருந்ததால், அமெரிக்காவில் அனுமதி வாங்கும் நோக்கத்தோடு கனடாவின் ஆக்ஸ்கன் நிறுவனம் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் இறங்கியது. ஒன்று வட அமெரிக்காவில், இன்னொன்று பல நாடுகளில். இரண்டும் சேர்த்து 1,170 பேர். இடோபிரைட் 100 மி.கி. மூன்று வேளை, எதிரே டம்மி, அதே எட்டு வாரம். டாலி முதல் பெயராக இருக்கும் அந்தக் கட்டுரை 2008-இல் 'கட்' என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. நன்றாகிவிட்டது என்று சொன்னவர்கள், பல நாட்டு ஆய்வில் மருந்துக்கு 45.2 சதவீதம், டம்மிக்கு 45.6. வட அமெரிக்காவில் மருந்துக்கு 37.8, டம்மிக்கு 35.4. பல நாட்டு ஆய்வில் டம்மி கிட்டத்தட்ட அரைப் புள்ளி முந்திக்கூடப் போய்விட்டது. மருந்து உடம்பில் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மருந்து எடுத்தவர்களில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியவர்கள் அதிகம். டோபமைன் ஏற்பியை மறிக்கும் மருந்துகளிடம் எதிர்பார்ப்பதுதான் அது. ரத்தத்தில் தன் கைவரிசையைக் காட்டிய மருந்து, "எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு மட்டும் எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை.

ஏன்? ஒரு காரணம் ஆள் தேர்வு. இரண்டாம் முறை, வாரத்துக்கு ஒரு தடவையாவது நெஞ்செரிச்சல் வருபவர்களைச் சேர்க்கவில்லை. சுத்தமான ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா மட்டும் வேண்டும் என்று வடிகட்டிவிட்டார்கள். முதல் ஆய்வில் மருந்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணில் கொஞ்சம், எதுக்களிப்பு இருந்தவர்களால் வந்ததாக இருக்கலாம். இன்னொரு காரணம் இன்னும் சாதாரணமானது. முதல் வெற்றி அவ்வளவு அழுத்தமான வெற்றி இல்லை. கேள்வித்தாள் புள்ளியில் கிடைத்த வித்தியாசம், தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கில் சரியாக எல்லைக் கோட்டின் மேல் நின்றது. நூறு பேரில் நாற்பது பேர் சும்மாவே நன்றாகும் நோயில், பிரிவுக்குச் சுமார் 140 பேரை வைத்துப் பார்த்தால் அதிர்ஷ்டம் ஒரு பக்கம் சாய நிறைய இடம் இருக்கிறது. என் கட்சி இந்த இரண்டாவது காரணம். முதல் ஆய்வை மட்டும் மேசையில் விரித்துவிட்டு இரண்டாவதை விரிக்காமல் விட்டதில்தான் எனக்குக் கோபம். நண்பனிடம் இதைக் கேட்டேன். "எங்களுக்கு அந்த பேப்பரைக் கொடுக்கவே இல்லடா. அப்படி ஒண்ணு இருக்குன்னே நீ சொல்லித்தான் தெரியும்" என்றான். அவன் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

ஆக, அமெரிக்காவில் இடோபிரைட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஜப்பானிலும் இந்தியாவிலும் விற்பனை தொடர்கிறது. நம் கேப்சூலில் இருப்பதோ, ஆய்வில் கொடுத்தது போலத் தனியாக மூன்று வேளை இல்லை. மெதுவாகக் கரையும் 150 மி.கி.யை அமில மருந்தோடு சேர்த்து ஒரே வேளையாகத் தருகிறார்கள். இந்த ஜோடியில் அமில மருந்துக்காவது ஓரளவு ஆதாரம் இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 கோக்ரேன் தொகுப்பின்படி, ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா உள்ள சுமார் 11 பேருக்கு அமில மருந்து கொடுத்தால், டம்மியைவிடக் கூடுதலாக ஒருவருக்குப் பலன் கிடைக்கிறது. சின்னப் பலன். ஆனால் இருக்கிறது.

"இரைப்பை மெதுவாக வேலை செய்கிறது, அதை விரட்டினால் சரியாகிவிடும்" என்ற யோசனையிலேயே ஓட்டை இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. இரைப்பை எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்பதை அளக்க ஒரு சோதனை உண்டு. முட்டை வெள்ளை, இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரி ஜாம், ஒரு தம்ளர் தண்ணீர். முட்டையில் துளியூண்டு கதிரியக்கப் பொருளைக் கலந்துவிடுவார்கள். சாப்பிட்டதும் ஒரு படம், அப்புறம் 1, 2, 4 மணி நேரத்தில் ஒவ்வொரு படம். நான்கு மணி நேரம் கழித்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளேயே கிடந்தால் இரைப்பை மந்தம். (ஜாம் ரொட்டிக்குப் பதில் பொங்கலை வைத்து அளந்தால் ஊரில் பாதிப் பேர் ஃபெயில் ஆகிவிடுவோம்.) விஷயம் என்னவென்றால், இதில் மந்தம் என்று வருபவர்களும், தொல்லை அதிகம் என்று சொல்பவர்களும் ஒரே ஆட்களாக இருப்பதில்லை. எனக்குள்ள அத்தனை அவதியும் இருந்துகொண்டு வயிறு சரியான வேகத்தில் காலியாகிற ஆட்கள் நிறைய.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் யான் டாக் என்பவரின் குழு வேறொரு இடத்தைத் தேடியது. சாப்பாடு இறங்கும்போது இரைப்பையின் மேல் பகுதி தானாகத் தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். சன்னமான பிளாஸ்டிக் பையைக் குழாய் வழியே உள்ளே இறக்கி, காற்றடித்து, அழுத்தத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, சாப்பாடு போனதும் பை எவ்வளவு விரிகிறது என்று பார்த்தார்கள். 1998-இல் வந்த அந்த ஆய்வில் பத்தில் நான்கு நோயாளிகளுக்கு இந்தத் தளர்வு சரியாக இல்லை. இடமே கொடுக்காத வயிற்றில் இரண்டு இட்லி என்ன, ஒன்றரை இட்லியே நிறைவுதான். இதைப் படித்தபோது முதல்முறையாக என் அவஸ்தைக்கு ஒரு உருவம் கிடைத்த மாதிரி இருந்தது. குழாய் பிடிக்காதவர்களுக்கு இதே குழு எளிய வழி ஒன்றையும் வைத்திருக்கிறது. சத்துப் பானத்தை நிமிடத்துக்கு 15 மில்லி என்ற கணக்கில் குடித்துக்கொண்டே போக வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறைவுக்கு 0 முதல் 5 வரை எண் சொல்ல வேண்டும், 5 வந்ததும் நிறுத்தலாம். இங்கேயும் கடைசியில் எண்ணைச் சொல்வது நாம்தான் என்பதைக் கவனியுங்கள்.

வயிற்றை விரட்டும் மருந்துகளின் பழைய கதை ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. சிசாப்ரைட். தொண்ணூறுகளில் உலகம் முழுக்க எழுதித் தள்ளினார்கள். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் என்று பிறகு தெரிந்தது. 1999 முடிய அமெரிக்க மருந்துத் துறைக்கு வந்த புகார்கள் 341, அவற்றில் சாவு 80. 2000-இல் அங்கே சந்தையிலிருந்து எடுத்தார்கள். இந்தியாவில் தடை வந்தது 2011 பிப்ரவரியில். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய், நூற்றுக்கு நாற்பது பேர் சும்மாவே தேறும் நோய். அதற்கு உயிரை வாங்கும் மருந்து. இடோபிரைட்டின் பெரிய பலமே அது இந்த வேலையைச் செய்யாததுதான் என்று சில சமயம் தோன்றும்.

இந்தக் கதையில் ஜெயித்த மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது, அடக்கமான வெற்றியோடு. ஜப்பானில் அகோடியாமைட் என்ற மருந்தை நிறைவு வகைக்காரர்கள் 897 பேரிடம் சோதித்தார்கள். 100 மி.கி., மூன்று வேளை, நான்கு வாரம். முன்னேற்றம் என்று சொன்னவர்கள் மருந்துக்கு 52.2 சதவீதம், டம்மிக்கு 34.8. சாப்பிட்ட பின் நிறைவு, மேல் வயிற்று உப்புசம், சீக்கிரம் நிறைந்துவிடுவது ஆகிய மூன்றும் முழுசாகப் போய்விட்டது என்றவர்கள் 15.3 சதவீதம், டம்மிக்கு 9. முடிவு 2012-இல் வெளியானது. 2013-இல் ஜப்பான் அனுமதி கொடுத்தது. ஃபங்ஷனல் டிஸ்பெப்சியாவுக்கென்றே உலகில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து இதுதான். அந்த 15.3-ஐ டாக்டர்கள் நோயாளிகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆறு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகக் கொஞ்சம் தேவலாம். 16 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக முழுசாகப் போகும். இது தெரிந்திருந்தால், மாத்திரை வேலை செய்யாதபோது "நமக்கு மட்டும் ஏன் இப்படி, வேற ஏதோ பெரிய வியாதியோ" என்று ராத்திரியில் கூகுளைத் திறக்கும் வேலை மிச்சம்.

இன்னொரு ஆய்வு, எனக்கு மிகவும் பிடித்தது. 2015-இல் வெளியானது, இதிலும் டாலி இருக்கிறார். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் இரண்டு மருந்துகளை வட அமெரிக்காவில் 292 பேரிடம் சோதித்தார்கள். போதுமான நிவாரணம் என்று சொன்னவர்கள் அமிட்ரிப்டிலினுக்கு 53 சதவீதம், எஸ்சிட்டாலோபிராமுக்கு 38, டம்மிக்கு 40. இரண்டுமே மன அழுத்த மருந்துகள், ஒன்று ஓரளவு உதவுகிறது, மற்றொன்று டம்மியைக்கூடத் தாண்டவில்லை. எல்லாம் மனசுதான் காரணம் என்றால் இரண்டும் உதவியிருக்க வேண்டாமா? உள்ளே பிரித்துப் பார்த்தபோது இன்னும் சுவாரஸ்யம். வலி முதன்மையாக இருந்தவர்களுக்குத்தான் அமிட்ரிப்டிலின் நன்றாக உதவியது. இரைப்பை மெதுவாகக் காலியாகும் ஆட்களிடம் பலன் குறைவு. அப்படியானால் ஒரே பெயரின் கீழ் நாலைந்து விதமான வயிறுகளைக் கொட்டிக் கலந்து, எல்லாருக்கும் ஒரே மாத்திரை கொடுத்து, சராசரியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இடோபிரைட் ஆய்விலும் யாரோ ஒரு ரகத்துக்கு நிஜமாகவே உதவி, அந்த உதவி சராசரியில் கரைந்து போயிருக்கலாம். எந்த ரகம் என்று பிரித்து வைத்துக்கொண்டு மறுபடி சோதிக்க இப்போது யார் பணம் போடப்போகிறார்கள்?

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனபோது, கோபப்படுவாரோ என்று நினைத்தேன். படவில்லை. பேப்பரை வாங்கி அந்த 45.2, 45.6 இருக்கும் வரியைப் படித்தார். "இடோபிரைட்டை நிறுத்திடலாம் சார், உங்களுக்கு எரிச்சலும் இல்ல, அதனால அமில மாத்திரையும் தேவையில்ல. உங்களது நிறைவு டைப், அதனால அமிட்ரிப்டிலின் இப்ப வேண்டாம். அகோடியாமைட் நாலு வாரம் போடுங்க. ஒண்ணும் தெரியலைன்னா அதையும் நிறுத்திடுவோம். மாத்திரை மேல மாத்திரை ஏத்த வேண்டாம்" என்றார். நாலு வாரம் என்றதும் எனக்குள் ஒரு திருப்தி. ஜப்பான் ஆய்வின் கணக்கு அது.

அதே ஆய்வின் மூன்று கேள்விகளை ஒரு பழைய டைரியில் கோடு போட்டு எழுதி வைத்துக்கொண்டேன். நிறைவு, உப்புசம், சீக்கிரம் நிறைவது. ஒவ்வொன்றுக்கும் தினமும் ஒரு எண். ராத்திரி நான் 'நிறைவு 2' என்று எழுதுவதை எட்டிப் பார்த்த மனைவி, "நேத்து ரெண்டு தோசை சாப்பிட்டுட்டு 3 போட்டீங்க. இன்னிக்கு மூணு தோசை, மேல பொடி தோசை வேற. எப்படிங்க 2 வரும்?" என்றாள். எனக்கு 2 போலத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.